வாஸலினும் யூரியா கிரீமும்: ஒரு கொத்தனார் கையில் மூன்று மாசம்

போன கார்த்திகையில் ரேஷன் கடை மிஷின் என் பெருவிரலை நாலு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. "அண்ணே, நல்லா துடைச்சுட்டு அழுத்தி வைங்க" என்றார் கடைக்காரர். துடைத்தேன், அழுத்தினேன், பேன்ட்டில் தேய்த்துவிட்டுக்கூட வைத்துப் பார்த்தேன். 20 வருஷமாகச் சாந்து பூசி, செங்கல் பிடித்த விரலில் ரேகையைத் தேடினால் அது மட்டும் எங்கிருந்து வரும்? கடைசியில் வீட்டிலிருந்து மனைவி வந்து விரல் வைத்த பிறகுதான் அரிசி போட்டார்கள். ரேகை போனால் போகிறது, அதே விரலில் நகத்தை ஒட்டி ஒரு வெடிப்பு இருந்தது பாருங்கள், ராத்திரி ரசம் சோறு பிசையும்போது உயிர் போய்விட்டது. அன்றைக்குத்தான் இதற்கு ஒரு வழி பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

முதலில் கை ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் பல வருஷம் கண்டதையும் தடவிக்கொண்டிருந்தேன். சிமெண்டில் தண்ணீர் பட்டதும் அது சுண்ணாம்பு போலக் காரமாகிவிடும். புளிப்பா காரமா என்று அளக்கிற பிஎச் கணக்கில் 12-க்கு மேலே. நம் தோல் இருப்பது 5 பக்கத்தில், லேசான புளிப்பு. இந்தக் காரம் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், பிறகு உள்ளே இருக்கும் ஈரம் தன்னாலேயே போய்விடும், காய்ந்த தோல் வளைந்து கொடுக்காமல் மடிப்பில் பிளந்துகொள்ளும். வேலை செய்யும்போது எரியவே எரியாது என்பதுதான் இதில் மோசம். சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். மார்கழி, தைப் பனிக் காற்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் பாதிக் கேட்டை நாமே செய்துகொள்கிறோம். வேலை முடிந்து கை கழுவ சைட்டில் என்ன இருக்கும்? துணி சோப்புத் துண்டு ஒன்று, அதுவும் காரம்தான். பெயின்ட் பட்டிருந்தால் தின்னர், இல்லையென்றால் மண்ணெண்ணெய். சிலர் மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள். நானும் தேய்த்தவன்தான். இப்போது டிபன் பையிலேயே குளிக்கிற சோப்புத் திரவம், நுரை அதிகம் வராத ரகம், ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோகிறேன். நிறையத் தண்ணீர் விட்டு, விரல் இடுக்கில் ஒட்டிய சிமெண்ட் கரைகிற வரைக்கும் கழுவுகிறேன். எந்தக் கிரீமும் வாங்காமல் இதை மட்டும் மாற்றியபோதே ஒரு வாரத்தில் புறங்கை வெள்ளை வெள்ளையாகப் பூப்பது குறைந்தது.

சரி, பொருள்களுக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெடிப்பு வருமுன் தடவினால் நல்லது, வெடித்த பிறகு போதாது, தலையணை உறை நாசம்.

எனக்கு நின்று உதவியது வாஸலின், அதாவது வாசனை எதுவும் சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி. அந்தப் பேரில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, மருந்துக் கடையில் கிடைக்கிற எந்த வெறும் ஜெல்லியும் சரிதான், 100 ரூபாய்க்குள் ஒரு டப்பா வரும். இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1859-ல் ராபர்ட் செஸ்புரோ என்ற இளம் ரசாயனக்காரர் அமெரிக்காவில் டைட்டஸ்வில் என்ற ஊரின் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். அங்கே பம்புக் கம்பிகளில் மெழுகுமாதிரி ஒன்று படிந்து தொல்லை கொடுத்ததாம். ஆட்கள் அதை வழித்து எறிவதோடு நிற்காமல் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைச் சுத்தப்படுத்தி வாஸலின் என்று பேர் வைத்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். ஆக, கையால் வேலை செய்கிறவன் கண்டுபிடித்த மருந்துதான், பேர் மட்டும் இன்னொருத்தருக்கு.

ஆனால் இதைப் போடுகிற விதத்தில் பல வருஷம் தப்புப் பண்ணினேன். ஜெல்லிக்குள் ஈரம் கிடையாது. இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாமல் மூடி போடுவது மட்டும்தான் அதன் வேலை. காய்ந்த கையில் பூசினால் காய்ந்த கைக்கே மூடி போட்ட மாதிரி. அதனால் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒற்றித் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே பூசி, பழைய பருத்திச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுக்கிறேன். முதல் நாள் பிள்ளைகள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன் நோண்ட முடியாது, அது ஒரு லாபம். நகத்தை ஒட்டிய வெடிப்பு ஆறாம் நாள் மூடிக்கொண்டது. டப்பாவுக்குள் சிமெண்டுக் கையை விடாதீர்கள், ஒரு குச்சியால் எடுங்கள், இல்லையென்றால் நாலு நாளில் டப்பாவே உப்புத்தாள் ஆகிவிடும்.

நடுவில் வாசனை போட்ட லோஷன் ஒன்றும் வாங்கினேன். பேர் வேண்டாம். வெடிப்பில் பட்டதும் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. இப்போது வீட்டில் அலமாரியில் அழகாக நிற்கிறது.

அடுத்தது யூரியா கிரீம், 10 சதவீதம். டியூபைப் பார்த்த அம்மா, "ஏன்டா, வயலுக்குப் போடுறதையா கையில தடவுற?" என்று கேட்டார். பொருள் என்னவோ அதேதான், ஆனால் மூட்டையிலிருந்து எடுத்துக் கரைத்துத் தடவுகிற புத்திசாலித்தனம் வேண்டாம். யூரியா நம் தோலிலேயே இயற்கையாக இருக்கிற சரக்கு, தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெல்லி செய்யாத வேலையை இது செய்கிறது. உள்ளங்கையில் கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய இடம், அதன் ஓரத்தில் வரும் பிளவு, அதற்கெல்லாம் இதுதான் சரி. திறந்த வெடிப்பில் போட்டால் எரியும். அதனால் ராத்திரி ஜெல்லி போட்டு வெடிப்பு மூடிய பிறகு இதற்கு மாறினேன். விலைதான் இடிக்கிறது, ஜெல்லியைவிட இரண்டு மூன்று மடங்கு.

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 10 சதவீதம் நல்லது என்றால் அதைவிடச் சதவீதம் கூடினது இன்னும் நல்லது என்று குதிகால் பித்தவெடிப்புக்கு வைத்திருக்கிற கிரீமை உள்ளங்கையில் போட்டேன். சதவீதம் கூடக் கூட அது தடித்த தோலைக் கரைத்து உரித்துவிடும். ஒரு வாரத்தில் கை ஆபீஸர் கை மாதிரி ஆனது, பூச்சு வேலைக்குப் போன முதல் நாளே பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிற மணியாஸ் கட்டை பிடித்த இடத்தில் கொப்புளம். காய்ப்பு என்பது நமக்குக் கவசம், அது வழவழப்பாக இருந்தால் போதும், இல்லாமல் போகக் கூடாது.

கையுறையைப் பற்றிக் கேட்டால் சண்டையே வரும். வெள்ளைப் பருத்திக் கையுறையில் புள்ளி புள்ளியாக ரப்பர் வைத்திருப்பார்களே, அது செங்கல் எடுக்க மட்டும்தான் ஆகும். சாந்து வேலைக்குப் போட்டால் சிமெண்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு நாள் முழுக்கக் கையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், வெறுங்கையைவிட அது மோசம். நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் பூசியது, மணிக்கட்டுக்கு மேல் வருவது வாங்குங்கள். உள்ளே சாந்து போய்விட்டால் கழற்றிக் கையையும் கழுவுங்கள், உறையையும் கழுவுங்கள். சாதா ரப்பர் உறைக்குள் ஜெல்லி பூசிய கையை விட்டால் ரப்பர் இளகிக் கிழிந்துவிடும், நைட்ரைல் தாங்கும். நான் முதலில் வாங்கிய மலிவு ஜோடி மத்தியானத்துக்குள் கட்டைவிரலில் பிளந்தது, கடையில் திருப்பி எடுக்கவில்லை. இப்போது வைத்திருப்பது பூச்சு வேலைக்கு ஒரு வாரம், பத்து நாள் வருகிறது. டைல்ஸ் ஒட்டும்போது மட்டும் கழற்றிவிடுகிறேன், விரல் நுனியில் மேடு பள்ளம் தெரியாமல் அந்த வேலை ஓடாது.

எங்கள் சைட்டில் இரண்டு சித்தாள் அக்காக்களுக்கும் ஜெல்லி டப்பா வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஆறு நாளில் ஆறியது அவர்களுக்கு மூன்று வாரம் ஆகியும் முழுசாக ஆறவில்லை. காரணம் கேட்கத் தேவையே இல்லை. நான் வீட்டுக்குப் போனால் என் கைக்கு ஓய்வு, அவர்கள் போனால் பாத்திரம், துணி. "நாங்க பூசறதுக்குள்ள மறுபடி தண்ணியில கை வச்சிர்றோம் தம்பி" என்றார் ஒருத்தர். ஜெல்லிக்கு நான் மார்க் போடும்போது இதையும் சேர்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒன்று. சிலருக்கு வெறும் வறட்சியாக இருக்காது, அரிப்பு, நீர்க் கொப்புளம், லீவு போட்டால் ஆறி வேலைக்கு வந்தால் திரும்பி வரும். அது சிமெண்டில் இருக்கிற குரோமியத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். ஐரோப்பாவில் 2005 முதல் கரையக்கூடிய அந்தக் குரோமியம் சிமெண்டில் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். இதற்கு ஜெல்லியும் யூரியாவும் பத்தாது, தோல் டாக்டரிடம் போய் முதுகில் பட்டை ஒட்டிச் செய்கிற பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

ரேஷன் மிஷின்? தையில் இரண்டாவது அழுத்தலிலேயே எடுத்துவிட்டது, கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். மாசியில் ஒரு சம்ப் தொட்டிக்கு உள்பூச்சு வேலை வந்தது, எட்டு நாள். அந்த மாசம் அரிசிக்கு மனைவியைத்தான் அனுப்பினேன்.