பழைய ஜீப்: முழுசாகப் பிரிப்பதா, ஓட்டிக்கொண்டே சரிசெய்வதா?

பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வரைக்கும் பிரிப்பதுதான் முறையான வேலை என்பார்கள். துரு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லைதான், ஆனால் பிரிக்க நாலு வாரம் போதும், பூட்ட நாலு வருஷம் ஆகும். நான் முதல் தடவை எல்லா போல்ட்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்துவிட்டு, அப்புறம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஓட்டிக்கொண்டே சரிசெய்வதில் ஆர்வம் வற்றாது. முதலில் பிரேக்: வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் பாகம்), ஹோஸ், ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள், பழைய பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உள்ளேயே துருப்பிடிக்க வைத்திருக்கும். பிறகு ஸ்டியரிங், வயரிங். பெயின்ட் கடைசியில்தான்.

எது உங்களுக்கு என்பதை சேஸிஸ் சொல்லும். சின்ன சுத்தியலால் ஸ்பிரிங் மாட்டும் இடங்களைத் தட்டுங்கள். ணங்கென்று கேட்டால் ஓட்டிக்கொண்டே செய்யலாம். தொப்பென்று கேட்டாலோ, துரு செதிலாக உதிர்ந்தாலோ பிரித்தே ஆக வேண்டும், அதன்மேல் தகடு வைத்து வெல்டிங் அடிப்பது வீண். 1948-இல் வந்த லேண்ட் ரோவர் இதில் ஏமாற்றும் ரகம். வெளியே அலுமினியம் என்பதால் பளிச்சென்று இருக்கும், அடியில் இருக்கும் எஃகு சேஸிஸ் அரித்துப்போயிருக்கும். இரண்டு உலோகமும் ஒட்டும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அங்கே முதலில் திருப்புளியால் குத்திப் பாருங்கள்.