எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ரிவ்யூ: வாயால சொன்னா காத்தோட போகும், மனுவா குடுத்தா நகரும்

ஹோட்டலுக்கு, ப்ளம்பருக்கு, ஏன் கறிவேப்பிலை வாங்கற கடைக்குக் கூட உக்காந்து ரிவ்யூ எழுதறோம், ஆனா எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்காக (ஒரு ஏரியாவோட அரசுப் பள்ளிக்கூடங்கள எல்லாம் நடத்தற நிர்வாகம்) இவ்ளோ கடன வாங்கி இந்த ஊர்ல வீடு வாங்கினோமோ அதுக்கு மட்டும் யாரும் உருப்படியா ஒரு வரி எழுதறதில்ல. வீடு தேடறப்ப பாக்கற 10க்கு 9, 10க்கு 8 எல்லாம் டெஸ்ட் ஸ்கோர வெச்சு போடறது, தினமும் பிள்ளைய கொண்டு விட்டு கூட்டிட்டு வர்றவங்களுக்கு அதுல ஒரு உபயோகமும் கிடையாது. அதனால நானே எழுதறேன். கலிஃபோர்னியா பே ஏரியால ஒரு நடுத்தர சைஸ் டிஸ்ட்ரிக்ட், பேர் வேண்டாம், ரெண்டு பிள்ளைங்க, ஏழு வருஷ அனுபவம். 5க்கு 3.5 குடுப்பேன். டீச்சர்ஸுக்குத் தனியா போட்டா 5, இது டீச்சர்ஸ் பத்தி இல்ல, நிர்வாகம் பத்தி.

முதல்ல போர்டு மீட்டிங், அதாவது டிஸ்ட்ரிக்ட நடத்த எலக்ஷன்ல ஜெயிச்சு வந்தவங்க கூடற கூட்டம். அங்கதான் எனக்கு முதல் அடி விழுந்தது.

சின்னவன் ஸ்கூல் வாசல்ல ஒரு நாலு ரோடு முக்கு இருக்கு. காலைல 8:10க்கு அங்க நின்னு பாத்தா தெரியும், ட்ராப் ஆஃப் லைன்ல நிக்க பொறுமை இல்லாதவங்க எதிர்ப்பக்கம் வண்டிய நிறுத்தி பிள்ளைய இறக்கி விடுவாங்க, அது முதுகுல மூட்டையோட ரோட்ட குறுக்கால தாண்டும், வலது பக்கம் திரும்பற வண்டிக்காரர் இடது பக்கமே பாத்துட்டு இருப்பார். கலிஃபோர்னியால டிஸ்ட்ரிக்ட் வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்கு பஸ் விட்டே ஆகணும்னு சட்டம் கிடையாது, அதனால எங்க பக்கம் மஞ்ச பஸ்ஸையே பாக்க முடியாது, எல்லாரும் கார்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரைக்கும் அந்த முக்குல ஆரஞ்சு கோட்டு போட்ட கிராஸிங் கார்டு தாத்தா ஒருத்தர் ஸ்டாப் போர்ட பிடிச்சிட்டு நிப்பார், எல்லா பிள்ளைங்க பேரும் அவருக்குத் தெரியும். ஆகஸ்ட்ல ஸ்கூல் திறந்தா ஆளக் காணோம். பிரின்ஸிபல் கிட்ட கேட்டா "டிஸ்ட்ரிக்ட்ல கேளுங்க"ன்னார், டிஸ்ட்ரிக்ட் ஆபிஸுக்கு போன் போட்டா வாய்ஸ்மெயில்.

சரி, போர்டு மீட்டிங்ல போய் கேட்டுடுவோம்னு கிளம்பினேன். சாயங்காலம் 6:30க்கு மீட்டிங், வாசல்ல ஸ்பீக்கர் கார்டு எழுதி குடுத்துட்டு உக்காந்தேன். கொடி வணக்கம், நல்லா படிச்ச பிள்ளைங்களுக்கு சர்டிஃபிகேட், ரிட்டையர் ஆகறவங்களுக்கு பூங்கொத்து, அப்புறம் கூரை ரிப்பேர் காண்ட்ராக்ட் பத்தி ஒரு மணி நேரம். என் பேர கூப்பிடறப்ப மணி 9:20. எனக்கு 2 நிமிஷம். போடியத்துல பச்சை லைட்டு, மஞ்ச லைட்டு, சிவப்பு லைட்டு, என்னவோ நானே ரோட்ட கிராஸ் பண்ற மாதிரி. வீட்ல கண்ணாடி முன்னாடி ரெண்டு தடவ பேசிப் பாத்துட்டுத்தான் போனேன், இருந்தும் தாத்தா பத்தி சொல்ல ஆரம்பிச்சதும் தொண்டை அடைச்சுடுச்சு, சிவப்பு வந்துடுச்சு. அஞ்சு போர்டு மெம்பர்களும் என்னைப் பாத்தாங்க. போர்டு பிரெசிடெண்ட் "தேங்க் யூ, நெக்ஸ்ட் ஸ்பீக்கர்"ன்னாங்க. அவ்ளோதான்! ஒரு கேள்வி இல்ல, ஒரு பதில் இல்ல. கார்ல உக்காந்து அழுதேன்னு சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா அழுதேன்.

இது திமிருன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், அப்புறம்தான் பிடிஏல (பெத்தவங்க-டீச்சர்ஸ் சங்கம்) ரொம்ப நாளா இருக்கற ஒரு அக்கா சொன்னாங்க, இங்க 1953லேர்ந்து பிரௌன் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு, மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டாவ ஒட்டணும், அஜெண்டால இல்லாத விஷயத்த போர்டு அங்க உக்காந்து விவாதிக்கவோ முடிவு எடுக்கவோ கூடாது. கதவ சாத்திக்கிட்டு ரகசியமா முடிவு எடுக்கக் கூடாதுன்னு வந்த சட்டம் அது, நமக்கு நல்லதுதான், ஆனா அதோட விளைவு, நாம போய் பேசறப்ப எதிர்ல இருக்கறவங்க வாய் கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருப்பாங்க. சுருக்கமா ஒரு பதில் சொல்லலாம், "ஸ்டாஃப் பாத்துக்கோங்க"ன்னு தள்ளி விடலாம், அவ்ளோதான் அனுமதி. இத அந்த ஸ்பீக்கர் கார்டு பின்னாடி ரெண்டு வரி அச்சடிச்சு வெச்சா என்ன குறைஞ்சு போகும்? அதுக்கே அரை ஸ்டார் கழிச்சேன். (இன்னொண்ணும் அந்த அக்கா சொன்னாங்க, நம்ம மொழில பேசி கூட ஒருத்தர் மொழிபெயர்த்தா ரெண்டு மடங்கு நேரம் குடுத்தாகணுமாம், அதுவும் அதே சட்டம். தமிழ்லயே பேசி இருக்கலாம், தொண்டை அடைச்சதுக்கும் டைம் கிடைச்சிருக்கும்.)

மூணு நாள் கழிச்சு டிஸ்ட்ரிக்டோட பெரிய அதிகாரி, அசிஸ்டெண்ட் சூப்பரிண்டெண்டெண்ட் கிட்டேர்ந்து மெயில். மரியாதையா, தெளிவா இருந்தது, ஒத்துக்கணும். விஷயம் என்னன்னா எங்க ஊர்ல கிராஸிங் கார்டு டிஸ்ட்ரிக்ட் ஆளே இல்ல, சிட்டி பட்ஜெட்ல வர்றவங்க. சிட்டி வேற, டிஸ்ட்ரிக்ட் வேற, ரெண்டுக்கும் தனித்தனி எலக்ஷன், தனித்தனி பணம். அதாவது 3 மணி நேரம் காத்திருந்து நான் அழுதது தப்பான ஆபிஸ்ல. நம்ம ஊர்ல கலெக்டர் ஆபிஸ்ல திங்கக்கிழம மனு வாங்கறப்ப "இது எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா, அந்தப் பக்கம் போங்க"ன்னு கை காட்டுவாங்களே, அதே கதைதான், ஏசி ரூம்ல. ஆனா அந்த மெயில்லயே 2x2 கமிட்டின்னு ஒண்ணு இருக்குன்னு போட்டிருந்தாங்க, போர்டுலேர்ந்து ரெண்டு பேர் சிட்டி கவுன்சில்லேர்ந்து ரெண்டு பேர் உக்காந்து பேசறது. அதுக்குப் போனேன், கூட்டத்துல பெத்தவங்கன்னு நான் ஒருத்திதான், டேபிளுக்கு எதிர்லயே நாற்காலி, லைட்டும் இல்ல டைமரும் இல்ல, விஷயம் அஜெண்டாலயே இருந்ததால திருப்பிக் கேள்வி கேட்டாங்க. கையோட முக்குல எடுத்த ஃபோட்டோ, ஒரு வாரம் காலைல நின்னு நான் நோட்டுல எழுதின கணக்கு எல்லாம் குடுத்தேன். தாத்தா திரும்ப வரல, அவர் ரிட்டையர் ஆயிட்டாராம், ஆனா ஜனவரில ஒரு அம்மா வந்துட்டாங்க.

அடுத்தது பாத்ரூம். இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், ஆனா இதுதான் நெறைய வீட்ல நடக்கற விஷயம். பெரியவ மிடில் ஸ்கூல் போன வருஷம் தினமும் தண்ணி பாட்டில் முழுசா அப்படியே திரும்பி வரும். வெயில் காலத்துலயும். திட்டினேன், பாட்டில மாத்தினேன், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் கார்ல வர்றப்ப சொல்றா, "தண்ணி குடிச்சா பாத்ரூம் போணும்மா". அங்க ரெண்டு பாத்ரூம்ல ஒண்ணு எப்பவும் பூட்டு, பசங்க உள்ள போய் வேப் பண்றாங்கன்னு (இ-சிகரெட்) பூட்டி வெச்சிட்டாங்க, இன்னொண்ணுல சோப்பு கிடையாது, கதவு தாழ்ப்பாள் கிடையாது, லஞ்ச்ல வரிசை. சொல்றப்ப அவ ஜன்னல் பக்கமா பாத்துட்டு இருந்தா.

வைஸ் பிரின்ஸிபல் கிட்ட ரெண்டு தடவ நேர்ல சொன்னேன், "வி ஹியர் யூ"ன்னு சிரிச்ச முகமா சொன்னார், ஒண்ணும் நடக்கல. அப்பதான் பெரியவளோட க்ளாஸ்ல பேக் டு ஸ்கூல் நைட்டுக்கு (பெத்தவங்க டீச்சர பாக்கற சாயங்காலம்) உக்காந்திருக்கறப்ப சுவத்துல ஒரு நோட்டீஸ் கண்ணுல பட்டது, வில்லியம்ஸ் கம்ப்ளெய்ண்ட்னு. எல்லா க்ளாஸ்ரூம்லயும் ஒட்டி இருக்கணும், நாமதான் அத ஃபயர் எக்ஸிட் மேப் மாதிரி பாக்காம விட்டுடறோம். 2000ல சான் ஃப்ரான்சிஸ்கோல வில்லியம்ஸ்ங்கற ஒரு ஸ்டூடண்ட் பேர்ல போட்ட கேஸ், புக்ஸ் இல்ல, கட்டடம் மோசம்னு, 2004ல செட்டில் ஆச்சு, அதுலேர்ந்து வந்த உரிமை இது. புக் இல்லாட்டியோ, டீச்சர் போஸ்ட் காலியா கிடந்தாலோ, பாத்ரூம் பூட்டிக் கிடந்தாலோ சோப்பு பேப்பர் இல்லாட்டியோ ஒரு ஃபார்ம் குடுக்கலாம், பேர் கூட போட வேண்டாம். நியாயமான கம்ப்ளெய்ண்ட்னா 30 வேலை நாளுக்குள்ள சரி பண்ணணும், பதில் வேணும்னு டிக் பண்ணி பேர் விலாசம் குடுத்தா 45 வேலை நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும்.

ஒரு பக்க ஃபார்ம், அஞ்சு நிமிஷ வேலை. நான் பேர் போட்டே குடுத்தேன், வீட்டுக்காரர் "பொண்ணுக்கு ஏதாவது ஆயிடப் போகுது"ன்னு பயந்தார், நம்ம ஊர் பயம் அது. மூணாவது வாரத்துல பூட்டு திறந்தாச்சு, வாசல்ல ஒரு சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க, தாழ்ப்பாள் மாத்தியாச்சு. அதே வைஸ் பிரின்ஸிபல், அதே சிரிச்ச முகம். பெரியவளோட பாட்டில் இப்ப பாதிதான் திரும்பி வருது.

புதுசா வந்து சேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். ரெஜிஸ்ட்ரேஷன்ல ஹோம் லாங்குவேஜ் சர்வேன்னு நாலு கேள்வி இருக்கும், பிள்ளை முதல்ல எந்த மொழி பேசக் கத்துக்கிச்சு, வீட்ல எந்த மொழி அதிகம் பேசுது, நீங்க அது கிட்ட எதுல பேசறீங்க, வீட்ல பெரியவங்க எதுல பேசிக்கறீங்கன்னு. முதல் மூணுல எங்கயாவது தமிழ்னு போட்டா 30 நாளுக்குள்ள எல்பேக்னு ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க. அதனால நம்மாளுங்க எல்லாம் "இங்கிலீஷ்னு போட்டுடு"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுக்கறோம். நான் தமிழ்னே போட்டேன், சின்னவன் தெரியாத மனுஷங்க முன்னாடி வாயத் திறக்காம உக்காந்துட்டு வந்தான், "இங்கிலீஷ் லேர்னர்"னு ஆக்கிட்டாங்க, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் டெஸ்ட், ரெண்டாம் க்ளாஸ்லதான் வெளில வந்தான். கஷ்டம் ஒண்ணும் இல்ல, தினமும் அரை மணி நேரம் சின்ன க்ரூப்ல பாடம் நடந்தது, லாபம்தான். ஆனா ஆபிஸ்ல இதெல்லாம் சொல்ல மாட்டாங்க, பேப்பர நீட்டி "ஃபில் பண்ணுங்க"ன்னு மட்டும்தான். இன்னொரு அரை ஸ்டார் அங்க போச்சு.

லீவு விஷயத்துலதான் என்னால இவங்கள முழுசா திட்டவும் முடியல. தம்பி கல்யாணத்துக்கு மூணு வாரம் ஊருக்குப் போனோம், வந்ததும் ட்ரூவன்ஸி லெட்டர், என்னவோ பிள்ளை ஸ்கூலுக்கு டிமிக்கி குடுத்து பீச்ல சுத்தின மாதிரி ஒரு தொனி. சரியான காரணம் இல்லாம 3 நாள் போகலன்னா ட்ரூவன்ட், இல்லாட்டி 3 தடவ 30 நிமிஷத்துக்கு மேல லேட்டா போனாலும் அதே. அட்டெண்டன்ஸ் க்ளர்க் கிட்ட சண்டைக்குப் போனேன், அந்தம்மா பொறுமையா வெளக்கினாங்க. இங்க பணம் வர்றது எத்தனை பிள்ளை சேந்திருக்குன்னு பாத்து இல்ல, தினமும் எத்தனை பிள்ளை க்ளாஸ்ல உக்காந்திருக்குன்னு பாத்துதான், ஜுரம்னு நியாயமா லீவு போட்டாலும் அந்த நாளுக்கு காசு கிடையாது. 180 நாள்ல பத்துல ஒரு பங்கு, அதாவது 18 நாள் போகலன்னா க்ரானிக் ஆப்சென்ட்னு ஸ்டேட் கணக்குல வேற ஏறும். நம்ம கல்யாண ட்ரிப் ஒண்ணுலயே 15 நாள் போயிடும். "போறதுக்கு முன்னாடியே வந்து இண்டிபெண்டண்ட் ஸ்டடி காண்ட்ராக்ட் சைன் பண்ணி இருந்தா, பையன் பாடத்த முடிச்சுக் குடுத்திருப்பான், உங்களுக்கும் லெட்டர் வந்திருக்காது, எங்களுக்கும் காசு வந்திருக்கும்"னாங்க. டிக்கெட் போட்டதுமே ஆபிஸ்ல போய் கேட்டுடுங்க.

மத்தது வேகமா சொல்லிடறேன். சாப்பாடு 2022லேர்ந்து கலிஃபோர்னியா பூரா எல்லா பிள்ளைக்கும் காலைலயும் மத்தியானமும் இலவசம், வருமானம் கேக்கறதில்ல, அருமையான திட்டம், ஆனா வெஜ்னா சீஸ் பீட்சா, சீஸ் கேசடியா, சீஸ் சாண்ட்விச், சின்னவன் இப்ப பாதி சீஸ்தான். ஆப்? மூணு ஆப். மார்க்குக்கு ஒண்ணு, மெசேஜுக்கு ஒண்ணு, பணம் கட்ட ஒண்ணு, மூணுக்கும் வேற வேற பாஸ்வேர்ட், இதுக்கு மிச்ச அரை ஸ்டார். மெசேஜ்ல "தமிழ்"னு மொழி மாத்தி வெச்சா வர்ற தமிழ பாத்து என் மாமியார் ஒரு நாள் முழுக்க சிரிச்சாங்க, "மினிமம் டே"ங்கறத "குறைந்தபட்ச நாள்"னு அனுப்பி இருந்தான், அவங்க மார்கழி மாசம் பகல் கம்மிங்கறத சொல்றாங்கன்னு நெனச்சாங்க. பிள்ளை 12:30க்கே வெளில நிக்கும்ங்கறதுதான் அதோட அர்த்தம்.

இப்ப அடுத்த சண்டை போன் பாலிசி, ஸ்கூல்ல பிள்ளைங்க செல்போன் வெச்சுக்கறதுக்கான விதி. 2026 ஜூலை 1க்குள்ள எல்லா டிஸ்ட்ரிக்டும் போட்டாகணும்னு ஸ்டேட் சட்டம், எங்காளுங்க பை வாங்கிப் பூட்டி வெக்கலாமா பெஞ்சுக்குள்ள வெச்சா போதுமான்னு மூணு மீட்டிங்கா பேசிட்டு இருக்காங்க. வீட்டுக்காரர் இந்த தடவ பப்ளிக் கமெண்ட் பேசறேன்னு துள்றார். நான் அவருக்கு 2 நிமிஷத்துக்கு டைமர் வெச்சு குடுத்திருக்கேன், நேத்து ராத்திரி "குட் ஈவினிங், டியர் போர்டு மெம்பர்ஸ்"லயே 25 செகண்ட் போயிடுச்சு. அவர் பேசட்டும், நான் மெயில அனுப்பிட்டேன்.