பழைய ஏஎம்4 கேமிங் பிசி: ப்ராசஸரை மட்டும் மாற்றலாமா, மொத்தமாகப் புதுசு வாங்கலாமா?

ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. 2018, 2019 வாக்கில் ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்டை (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) வைத்துப் பலரும் அசெம்பிள் செய்த பிசி இது. இன்றைய கேம்களில் திணறுகிறது. அதே போர்டில் ரைசன் 5 5600-ஐயும் புது கிராபிக்ஸ் கார்டையும் போடுவது ஒரு வழி. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குத் தாவி எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது இன்னொரு வழி. நான் தேர்ந்தெடுத்தது முதல் வழி. இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

முதலில் தடை எங்கே என்று பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திரையில் ஓடவிட்டு, கேமின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நின்றால் ப்ராசஸர்தான் பிடித்து இழுக்கிறது. ஜிபியு (கார்டில் உள்ள கிராபிக்ஸ் சிப்) பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு போதவில்லை.

ஏஎம்5 வேகமானது, புதியது. அதில் விவாதமே இல்லை. சிக்கல் ரேமில் இருக்கிறது. ஏஎம்5 போர்டில் டிடிஆர்4 ஏறாது. அதனால் ப்ராசஸரை மாற்றப் போனால் போர்டும் ரேமும் சேர்ந்தே மாற வேண்டும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறியபின், 32 ஜிபி டிடிஆர்5 கிட்டின் விலையே பட்ஜெட்டை விழுங்கிவிடுகிறது. டிடிஆர்4-உம் ஏறியதுதான். ஆனால் ஏற்கெனவே செருகியிருக்கும் 16 ஜிபிக்குப் புதிதாகச் செலவு இல்லை. மிச்சமாகும் பணம் முழுவதையும் கிராபிக்ஸ் கார்டில் போடலாம். 1440பி-யில் ஃபிரேமைக் கூட்டுவது பெரும்பாலும் கார்டுதான்.

ப்ராசஸர் மாற்றத்தால் கிடைக்கும் லாபமும் சின்னதல்ல. 2600-இல் 16 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இரண்டு 8 எம்பி துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மூன்று கோருக்கு வேலை செய்யும். 5600-இல் 32 எம்பி கேஷ் ஆறு கோருக்கும் பொது. கேம் நடுவே வரும் உதறல் குறைவதற்கு, வேகம் 3.9-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸாக உயர்வதைவிட இந்தக் கேஷும் புது கோர் வடிவமைப்பும்தான் பெரிய காரணம். 5700எக்ஸ்3டி-யில் கேஷ் 96 எம்பி. நியாயமான விலையில் கிடைத்தால் அதை எடுக்கலாம். பழையதாக வாங்குவதென்றால் கடையிலேயே பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருப்பதால் வளைந்த பின்னோடு கைமாறுவதுண்டு.

வேலையில் கவனம் வேண்டிய இடம் பயாஸ், அதாவது போர்டைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள். பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும். முன்கூட்டியே கழற்றிவிட்டால், பயாஸ் ஃபிளாஷ்பேக் (ப்ராசஸர் இல்லாமலே பயாஸை ஏற்றும் வசதி) இல்லாத போர்டில் புது ப்ராசஸர் பூட்டே ஆகாது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் 5600-க்கு எந்தப் பதிப்பு குறைந்தபட்சம் வேண்டும் என்று பட்டியல் இருக்கும். சில போர்டுகள் நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக விடும். ஃபைலை எஃப்ஏடி32 பென் டிரைவில் போட்டு, பிசியை யுபிஎஸ்ஸில் இணைத்து ஏற்றுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம்.

அதற்கும் முன்னால் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ப்ராசஸர் மாறியதும் எஃப்டிபிஎம்-ஐ (பிட்லாக்கரின் சாவி இருக்கும் பாதுகாப்புப் பகுதி) அழிக்கவா என்று திரை கேட்கும். அழித்தால் விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்கும். கையில் கீ இல்லையென்றால் டிரைவில் இருப்பதெல்லாம் போச்சு. பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கூலரைக் குளிர்ந்த நிலையில் நேராக இழுக்காதீர்கள். இறுகிய தெர்மல் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஷட்டவுன் செய்து, இடமும் வலமும் லேசாகத் திருகிய பிறகு தூக்குங்கள். எல்லாம் முடிந்ததும் எக்ஸ்எம்பி-யை (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள். பயாஸ் அப்டேட் அதை அணைத்துவிடும், 3200 ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும்.

கார்டு விஷயத்தில் பி450-க்கு ஒரு வரம்பு உண்டு: கார்டையும் ப்ராசஸரையும் இணைக்கும் பாதை பழைய பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்துபவை. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும் கேம்களில் அந்தக் குறுகிய பாதையில் ஃபிரேம் சட்டென்று சரியும். 16 லேன் உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி இந்தப் போர்டுக்குப் பொருத்தமானது. அது அதிகபட்சம் 160 வாட் எடுக்கும், 1060 எடுத்தது 120. நல்ல 550 வாட் பவர் சப்ளை தாராளம்.

மொத்தமாக மாற்றுவதே சரியான இடங்களும் உண்டு. இன்டெல் 7-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் அந்தப் போர்டில் நான்கு கோர் 7700கே-யைத் தாண்ட முடியாது. சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலும் 8-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும். 7700கே விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. தனக்கே உரிய வடிவில் போர்டும் பவர் சப்ளையும் கொண்ட கம்பெனி பிசிகளிலும் பணம் போடுவது வீண். இவர்களுக்கு ரைசன் 5 7600, பி650 போர்டு, 6000 வேக ரேம் போதும். முதல் பூட்டில் ரேம் டிரெயினிங் (போர்டு ரேமைச் சோதித்துச் சரிசெய்துகொள்வது) நடக்கும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும்; பயந்து பவரை அணைக்காதீர்கள்.

5600 இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? 60 ஹெர்ட்ஸ் திரையில் விளையாடுபவருக்கு மூன்று வருஷம் போகும் என்பது என் ஊகம். 144-ஐ விடாமல் பிடிக்க நினைப்பவருக்கு அந்த நம்பிக்கையைத் தர மாட்டேன்.

எந்த வழியில் போனாலும், மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) பவர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்து உருவிவிடுங்கள். பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் வேறு. பழைய சாட்டா கேபிளைப் புதியதில் செருகினால் எஸ்எஸ்டி எரிந்துபோகலாம்.