சேலத்திலிருந்து ஸ்னோபோர்டு கார்விங்: எந்தத் தளத்தை நம் தளமாகக் கொள்வது?

ஜப்பானின் சப்போரோவிலிருந்து சேலத்துக்குக் குடிவந்தபோது வீட்டுச் சாமான்களோடு, பனியில் நின்று சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டு ஒன்றும் வந்து சேர்ந்தது. அதை விற்றுவிடும்படி உறவினர்கள் சொன்னது நியாயமான யோசனைதான். சப்போரோவில் நகர எல்லைக்குள்ளேயே டெய்னே மலை இருக்கிறது. 1972 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்லாலம் (கொடிக்கம்பங்களுக்கு இடையே வளைந்து சறுக்கும்) போட்டிகள் நடந்த இடம் அது. அந்த மலையின் உயரம் 1,023 மீட்டர்தான், ஏற்காடோ 1,500 மீட்டரைத் தாண்டுகிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கே கொட்டுகிறது. சேர்வராயன் மலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே சேலத்தில் இருந்துகொண்டு இந்த விளையாட்டைத் தொடர விரும்புபவர் காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி, இமாச்சலப் பிரதேசத்தின் சோலாங், துபாய் ஆகிய நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மதிப்பீடு கார்விங் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. ஆழமான புதுப்பனியில் மிதந்து செல்ல ஆசைப்படுபவருக்கு இதில் உள்ள தீர்ப்புகள் தலைகீழாகவே தோன்றும்.

கார்விங் என்பது பலகையின் விளிம்பால் பனியைக் கீறித் திரும்பும் முறை. அதில் பலகை பக்கவாட்டில் வழுக்கக் கூடாது. பலகையைச் சாய்த்தவுடன் எஃகு விளிம்பு பனிக்குள் இறங்க வேண்டும். பலகையின் இடை வளைவு (நடுவில் குறுகும் பக்கவாட்டு வளைவு) எந்த வட்டத்துக்கு உரியதோ அந்த வட்டத்திலேயே அது திரும்ப வேண்டும். மூக்கு கீறிய தடத்திலேயே வாலும் போக வேண்டும். சாதாரணப் பலகைகளில் இந்த வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 7 முதல் 9 மீட்டர் வரை இருக்கும். வேகம் கூடும்போது ஒவ்வொரு திருப்பமும் சரிவின் குறுக்கே நெடுந்தூரம் போகுமாதலால் அகலமான இடம் தேவைப்படுகிறது. அதைவிட முக்கியம், இரவில் இயந்திரம் ஓட்டி அழுத்தி வாரிய கெட்டிப் பரப்பு. மெத்தென்ற பனியில் விளிம்புக்குப் பிடிமானம் கிடைக்காது; பலர் நடந்தும் சறுக்கியும் மேடுபள்ளமாக்கிய பனியில் முழங்கால்தான் அடி வாங்கும். எனவே ஒரு தளத்தை எடைபோடும்போது எவ்வளவு பனி பெய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு பரப்பை இயந்திரத்தால் சமன்செய்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மேலே ஏறி இறங்க முடியும் என்று கேட்பது நல்லது.

இந்த அளவுகோலில் குல்மார்க்கின் புகழ் சற்றே மங்கிவிடுகிறது. 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளியிலிருந்து கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் இடை நிலையமான கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே அஃபர்வாட் மலைத்தோளுக்கும் ஏற்றிவிடுகிறது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் தேடி வருவது அந்த மேல் பகுதியின் தீண்டப்படாத பனிக்காகத்தான். ஆனால் அது பராமரிக்கப்பட்ட சரிவு அன்று. பனிச்சரிவு அபாயம் உள்ள திறந்த மலை. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் அங்கே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்திருக்கிறார்கள். விளிம்புப் பயிற்சிக்காக வருபவருக்கு அங்கே வேலையில்லை. முதல் கட்டத்தின் கீழ்ப்பகுதியிலும் கோங்டூரியிலிருந்து மேலேறும் நாற்காலி லிஃப்ட்டை ஒட்டியும் கார்விங்குக்கு உகந்த சரிவுகள் உண்டு. காலையில் முதல் ஆளாக ஏறினால் அரைநாள் மனநிறைவோடு பழகலாம். நண்பகலுக்குப் பின் சுற்றுலாப் பயணிகளும் அவர்களை ஸ்லெட்ஜில் இழுத்துச் செல்பவர்களும் குறுக்கே வரத் தொடங்கினால், வளைவை முழுதாக முடிக்க யாருக்கும் துணிவு வராது.

வாடகைக்குக் கிடைக்கும் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அங்குள்ள ஒரு கடையில் கொடுத்த பலகையின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தபோது நகம் சிறிதும் சீவப்படவில்லை. பாதத்துக்கு நேர் கீழே, விளிம்பு மிகவும் தேவைப்படும் இடத்தில், துரு ஏறி மழுங்கியிருந்தது. புதுப்பனிக்கு அது போதும் என்று கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. கார்விங்குக்குப் போதாது. சொந்தப் பலகையைத் தூக்கிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

தூக்கிச் செல்வதில் சேலத்துக்காரருக்கு ஓர் எதிர்பாராத வசதி இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வாசலான கத்ரா வரை ஓடும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது; 2025 ஜூனில் செனாப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து கத்ராவில் இறங்கி ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் பிடிக்கலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சாலை வழியே 50 கிலோமீட்டர்தான். விமானத்தில் நீளமான பைக்காகச் சண்டை போடுவதைவிட, கீழ் பெர்த்துக்கு அடியில் பலகையைச் சாய்வாகத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வது மேல் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். அவ்வளவு நீண்ட பயணத்துக்கு விடுப்பு கிடைக்கிறவர்களுக்கு மட்டுமே இந்த யோசனை பொருந்தும். மற்றவர்கள் பெங்களூரு சென்று டெல்லி வழியாகப் பறப்பதே நடைமுறை. திரும்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பலகையைத் துடைக்காமல் பைக்குள் வைத்துப் பூட்டினால், சேலம் வந்து திறக்கும்போது விளிம்பு முழுவதும் செம்மஞ்சள் துரு படிந்திருக்கும்.

சோலாங்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மணாலிக்கு அருகில், எளிதில் சென்றடையக்கூடிய இடம். முதன்முதலாகப் பலகையில் நிற்கப் பழகுபவருக்கு நல்லது. கார்விங்குக்குச் சரிவு குட்டை, கூட்டம் அதிகம்.

ஔலியைப் பற்றி எழுதும்போதுதான் மனம் வருந்துகிறது. இந்தியாவில் கார்விங்குக்கென்றே அமைத்ததைப் போன்ற சரிவு ஏதேனும் உண்டென்றால் அது அங்கேதான் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இறங்கும் சீரான சாய்வு, போதுமான அகலம், எதிரே நந்தா தேவி சிகரம். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது செயற்கைப் பனி உருவாக்கும் கருவிகளும் அங்கே நிறுவப்பட்டன. இவ்வளவு இருந்தும் பனி வராத குளிர்காலங்களில் அங்கே புல்லைத்தான் பார்க்க முடிகிறது. செயற்கைப் பனிக்கும் காற்று போதுமான அளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரத்தில் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல் கண்டபோது அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் மலைச்சாலையில் போய்ச் சேர்ந்து, அங்கே பனியில்லை என்று தெரிந்துகொள்வதற்குச் சேலத்திலிருந்து கிளம்ப வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது துபாயின் எமிரேட்ஸ் மாலுக்குள் 2005இல் திறக்கப்பட்ட ஸ்கி துபாய். மலையேறிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்; கூரைக்கு அடியில் 400 மீட்டர் நீளச் சரிவு, ஏறத்தாழ 60 மீட்டர் இறக்கம். காட்சியென்று சொல்ல எதுவுமில்லை. ஒரு நிமிடத்துக்குள் கீழே வந்துவிடுவோம். ஆயினும் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் இந்தத் தளம்தான் முன்னிலை பெறுகிறது. பகலிலும் உள்ளே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழேயே இருக்கும். பனி ஆண்டு முழுவதும் உண்டு. பரப்பு கெட்டியாக இருப்பதால் விளிம்பு உடனே பிடிக்கிறது. லிஃப்ட் உடனடியாக மீண்டும் மேலே கொண்டுபோய் விடுவதால், இப்போது செய்த திருப்பத்தில் எங்கே வால் வழுக்கியது என்பது உடம்பில் மறையுமுன் அடுத்த முயற்சி வந்துவிடுகிறது. குல்மார்க்கில் ஒரு முழு நாள் வரிசையில் நின்று கிடைக்கும் திருப்பங்களைவிட, இங்கே இரண்டு மணி நேரத்தில் அதிகம் கிடைக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். அகலம் போதாததால் பெரிய ஆரமுள்ள பலகை இங்கே வீண். இடை வளைவு கூடிய, குறுகிய வட்டத்தில் திரும்பும் பலகையே சரி. சனி, ஞாயிறு அங்கே வார விடுமுறை என்பதால் சரிவு நிரம்பிவிடும். வாரநாள் காலையில் போனால் குறுக்கே செல்லும் திருப்பங்களுக்கு இடம் கிடைக்கும். திருப்பத்தைத் தொடங்குமுன் மேல்நோக்கி ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். பின்னால் வருபவர் நாம் இவ்வளவு குறுக்கே போவோம் என்று எதிர்பார்க்க மாட்டார். பயணமும் சேலத்துக்கு உகந்ததே. கோயம்புத்தூர் விமான நிலையம் அவினாசி சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் நுழையாமல் போய்விடலாம். அங்கிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. விசாச் செலவு கூடும், உண்மைதான்.

ஆகவே என் தேர்வு இது: பழகுவதற்குத் துபாய், மலையில் இறங்கும் நிறைவுக்கு ஆண்டுக்கொரு முறை பிப்ரவரியில் குல்மார்க். ஜனவரி வேண்டாம், 2024 ஜனவரியில் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்ததை நாடே பார்த்தது.

இடைப்பட்ட மாதங்களில், சாய்ந்து திரும்பப் பழக உதவும் சக்கரப் பலகையான சர்ஃப்ஸ்கேட் கைகொடுக்கிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பார்த்தவுடன் அங்கே இறங்கிப் பார்க்கத் தோன்றும். பேருந்துகளும் சுற்றுலா வண்டிகளும் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு திரும்பும் சாலை அது, அங்கே சக்கரப் பலகையோடு போவது அறிவீனம். ஆனால் அந்தப் பேருந்தின் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநரைக் கவனிப்பது பயனுள்ளது. வண்டி வளைவுக்குள் நுழையுமுன்பே அவர் கண் வளைவின் மறுமுனைக்குப் போய்விடுகிறது. பலகையில் தோளும் இடுப்பும் திரும்ப வேண்டிய வரிசையும் அதுதான். பழகுவதற்குப் புறநகரில் மனை பிரித்துச் சாலை மட்டும் போட்டு வைத்திருக்கும் இடங்களில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, காலை வெயில் ஏறுமுன் பழகலாம்.

பலகையை வெயில் தகிக்கும் மொட்டை மாடி அறையிலோ பரணிலோ வைக்காமல், அடிப்பரப்பில் தடிமனாக மெழுகு பூசி, விளிம்பிலும் மெழுகை ஓடவிட்டு, கட்டில் அடியில் வைத்தால் சேலத்துக் கோடையைத் தாங்கிவிடும். விளிம்பைத் தீட்டச் சாணை பிடிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். கோணம் மாறிவிட்டால் மீட்பது கடினம். கோணம் காட்டும் சட்டத்தோடு கூடிய அரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது, ஒரு வாடகைப் பலகைக்குக் கொடுக்கும் பணத்தைவிட நல்ல செலவு.