தூதரகமா, வாடகை வீடா: எதை ஜப்தி செய்யலாம்?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தொழில் செய்யும் நம்மவருக்கு ஒரு வெளிநாட்டு அரசு பணம் தர வேண்டும். வெளிநாட்டு அல்லது சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருக்கிறது என்று வையுங்கள். முதலில் இங்குள்ள உயர் நீதிமன்றம் அதை அங்கீகரிக்க வேண்டும். பிறகு எந்தச் சொத்து?

தூதரகக் கட்டடம் என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம். 1961 வியன்னா உடன்படிக்கை அதற்கு அரண்.

வணிகச் சொத்து வேறு கதை. தென்னாப்பிரிக்காவின் 1981 வெளிநாட்டு அரசுகளின் விலக்குரிமைச் சட்டமே அதில் கைவைக்க இடம் தருகிறது. கேப்டவுன் கெனில்வொர்த்தில் ஜிம்பாப்வே அரசு ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தது. அந்த அரசிடம் நிலம் பறிகொடுத்த விவசாயிகளுக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் தீர்ப்பாயம் வழங்கிய வழக்குச் செலவு உத்தரவை இங்கே நிறைவேற்றலாம் என்று 2013-இல் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தச் செலவை வசூலிக்க 2015-இல் வீடு ஏலம் போனது. அந்த விவசாயிகளின் விடாப்பிடி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே பத்திரப் பதிவகத்தில் அந்த அரசின் பெயரைத் தேடுங்கள். குடியிருப்பவர் வாடகை கட்டுகிறாரா என்று விசாரியுங்கள்.