நாம்சேயா கும்ஜுங்கா, டிங்போச்சேயா ஃபெரிச்சேயா: எவரெஸ்ட் வழியில் எந்த ஊரில் தங்கலாம்?

நம்மூர் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நேபாளத்தின் லுக்லாவில் விமானம் இறங்கும் இடமே சுமார் 2,850. அதற்கு மேலே, சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஷெர்பா ஊர்களில் தங்குமிடம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த ஊரின் உயரம். வேகமாக ஏறினால், மெல்லிய காற்று உடம்புக்குப் பழகாமல் உயரநோய் வரும். லாட்ஜ், வை-ஃபை எல்லாம் பிறகு. 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு தூங்கும் உயரத்தைவிட மறுநாள் இரவு தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடிவிடக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறிய ஊரிலேயே இன்னோர் இரவு தங்க வேண்டும்.

பூங்கா வாசலருகே உள்ள மோஞ்சோவிலிருந்து (2,835) நாம்சே பஜார் (3,440) வந்தாலே 600 மீட்டர் ஏறியாகிவிடும். அதனால் அங்கே இரண்டு இரவு கட்டாயம். ஏடிஎம், மருந்துக்கடை, சனிக்கிழமைச் சந்தை எல்லாம் இங்கேதான். மேலே போகத் தேவையான பணத்தையும் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காமல் மோஞ்சோவிலிருந்து நேரே கும்ஜுங் (3,780) போய்ப் படுத்தால் ஒரே நாளில் 950 மீட்டர் ஏற்றம். இரவில் தலைவலியும் குமட்டலும் வர நல்ல வாய்ப்பு. ஓய்வு நாளில் சியாங்போச்சே வழியாகக் கும்ஜுங் ஏறி, ஹிலாரி 1961இல் தொடங்கிய பள்ளியைப் பார்த்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு நாம்சேக்கு இறங்கித் தூங்குவதுதான் சரி. கையில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மூன்றாம் இரவைக் கும்ஜுங்கில் வையுங்கள். கல்சுவருக்குள் உருளைக்கிழங்கு வயல்கள், அமைதியான ஊர். நாம்சேயைவிட எனக்குப் பிடித்தது இதுதான்.

தாமே (3,800) மேற்கே தனி வழியில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பனியேரி உடைந்து வந்த வெள்ளம் அங்கே வீடுகளையும் பள்ளியையும் அடித்துப்போனது. தங்க இடம் உண்டா என்று நாம்சேயிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாம்சே, கும்ஜுங்குக்கு அடுத்த இரவுக்கு எல்லாரும் தெங்போச்சே (3,860) புத்த மடத்தருகே தங்கப் பார்ப்பார்கள். லாட்ஜ்கள் குறைவு, அக்டோபரில் சீக்கிரம் நிறைந்துவிடும். மடத்தைப் பார்த்துவிட்டுப் பாங்போச்சே (சுமார் 3,930) போய்விடலாம். தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சேக்கு 550 மீட்டர் ஏற்றம், பாங்போச்சேயிலிருந்து 480தான்.

டிங்போச்சே 4,410, ஃபெரிச்சே 4,370. உடம்புக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு காற்றிலும் வெயிலிலும். ஃபெரிச்சே பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் காற்று வெட்டி எடுக்கும். டிங்போச்சேயில் வெயில் அதிக நேரம் நிற்கும். கல்சுவர் மறைப்பில் பார்லிகூட விளைகிறது. ஓய்வு நாளில் நாங்கர்ட்சாங் (சுமார் 5,080) ஏறி இறங்கலாம். செங்குத்தான ஏற்றம் வேண்டாம் என்றால் சுக்குங் (4,730) வரை நடந்து திரும்பலாம். என் தேர்வு டிங்போச்சேயில் இரண்டு இரவு.

ஃபெரிச்சேயின் பலம் 1973 முதல் இயங்கும் உயரநோய் மருத்துவ நிலையம். வசந்த, இலையுதிர் பருவங்களில் மட்டும் மருத்துவர்கள் இருப்பார்கள். டிங்போச்சேயிலிருந்து சிறு மேட்டைத் தாண்டினால் அரைமணி, முக்கால் மணியில் போய்விடலாம். மேலே போகப் போகத் தலைவலி கூடுகிறவர்கள் ஃபெரிச்சேயிலேயே தங்கட்டும்.

பாராசிட்டமால் போட்டும் தலைவலி விடாமல் வாந்தி வந்தாலோ, ஒரு காலின் குதியை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்காதீர்கள். மேகம் மூடினால் அது வராது. இருட்டியிருந்தாலும் துணையோடு பாங்போச்சே நோக்கி உடனே இறங்குங்கள்.