ஏமி டாக்குமெண்டரி: வாடகைக்கு எடுத்துப் பாக்கலாமா?

மொதல்லயே சொல்லிடறேன், நடிகர் நடிகை வெச்சு எடுத்த படம் இல்ல இது. லண்டன் பாடகி ஏமி வைன்ஹவுஸ், 2011 ஜூலை 23-ல கேம்டன்ல தன் வீட்டுலயே 27 வயசுல செத்துப்போச்சே, அந்தப் பொண்ணப் பத்தி ஆசிஃப் கபாடியா 2015-ல எடுத்த டாக்குமெண்டரி. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும். அடுத்த வருஷம் ஆஸ்கரும் வாங்கிச்சு. 2024-ல நடிகை வெச்சு ஒரு படம் தனியா வந்துது, தேடுறப்ப ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும், வருஷத்தப் பாத்து எடுங்க, இல்லன்னா காசு போச்சு.

நம்ம ஊர்ல பல பேருக்கு இந்தப் பொண்ணு ரீஹேப்ங்கிற ஒரே பாட்டாலதான் பழக்கம். மறுவாழ்வு மையத்துக்குப் போன்னாங்க, மாட்டேன் மாட்டேன் மாட்டேன்னுட்டேன்னு வருமே அதுதான். கேட்டா கால் தானா தாளம் போடும். இந்தப் படத்தப் பாத்த பெறகு அதே பாட்டுக்கு அவ்ளோ ஜாலியா தலையாட்ட முடியல, ஏன்னா அது ஏதோ ஸ்டைலுக்கு எழுதுனது இல்ல, நெசமா நடந்தது. 2005 வாக்குல பொண்ணு குடியில மூழ்குறதப் பாத்துட்டு மொதல் மேனேஜரும் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து எப்படியோ பேசி, அப்பா சொன்னா போறேங்கிற வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க, அப்பாகிட்ட கூட்டிட்டுப் போனா அவர் அதெல்லாம் தேவையில்லன்னுட்டாரு. அந்த மேனேஜர் அதச் சொல்றப்ப குரல்ல இருக்கிற ஆத்தாமை இருக்கே. அப்ப பேக் டு பிளாக்ங்கிற அந்தப் பெரிய ஆல்பமே வரல, உலகத்துக்கு அவ்வளவா ஆளத் தெரியாது, கேமராக்காரன் வாசல்ல நிக்கல, சத்தமில்லாம போய் சரி பண்ணிட்டு வந்திருக்கலாம்ங்கிறாரு. அப்புறம் என்னாச்சு, அந்த மாட்டேனே ஹிட் ஆச்சு, கிராமி இசை விருது வாங்கிச்சு, ஊரே கூடப் பாடுச்சு.

எடுத்திருக்கிற விதம் ரொம்பப் பிடிச்சிருந்துது. வழக்கமா டாக்குமெண்டரின்னா புத்தக அலமாரி முன்னாடி ஆள உக்கார வெச்சுப் பேசவிட்டுத் தூங்க வெச்சிருவாங்க. இதுல பேசுறவங்க குரல் மட்டும்தான் கேக்கும், திரையில ஓடுறது பூரா பழைய வீடியோ. ஒரு ஃப்ரெண்டோட பதினாலாவது பொறந்தநாளுக்கு ஹேப்பி பர்த்டே பாடுறதுல ஆரம்பிக்குது, சும்மா விளையாட்டுக்குப் பாடுது, ஆனா கடைசி வரியில குரல வளைக்குது பாருங்க, ஜாஸ் பாடுற அம்பது வயசுப் பொம்பள உள்ள ஒளிஞ்சிருக்கிற மாதிரி இருக்கு. பாட்டு வர்ற இடத்துல எல்லாம் வரிகள் திரையில எழுத்தா வந்துட்டுப் போகும், அதனால வட லண்டன் பேச்சு பிடிபடாட்டியும் பாட்டு என்ன சொல்லுதுன்னு விளங்கிடும். பேச்சுக்கு சப்டைட்டில் போட்டே ஆகணும், நான் இல்லாம ஆரம்பிச்சுட்டு கொஞ்ச நேரத்துல ரிமோட்டத் தேடுனேன்.

சரி, நான் சொல்ல வந்தது வேற. இத ஒரு பாடகி வாழ்க்கைக் கதைன்னு நெனச்சு உக்காந்தா பாதிக்கு மேல கதையே நம்ம பக்கம் திரும்பிடுது. அதாவது பாத்துட்டு இருந்த ஜனங்க பக்கம். 2007, 2008 வாக்குல இந்தப் பொண்ணு ஒரு நிரந்தர ஜோக். லேட் நைட் ஷோக்காரங்க, ஸ்டாண்டப் காமெடியன்கள், ஒருத்தர் பாக்கி இல்ல. கிராமி நாமினேஷன் அறிவிக்கிற எடத்துலயே ஒரு ஆளு, சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது எழுப்பிவிட்டு விஷயத்தச் சொல்லுங்கப்பாங்கிற மாதிரி ஒரு ஜோக் அடிக்கிறாரு, எல்லாரும் சிரிக்கிறாங்க. தன் மேடையில பாடவெச்சுக் கைதட்டுன ஆளே பின்னாடி அதே மேடையில நக்கல் அடிக்கிறதும் வருது. கபாடியா இதுக்குத் தனியா வசனம் எதுவும் வெக்கல, வரிசையா ஓடவிட்டுட்டாரு. சிரிப்புச் சத்தம் வர வர நமக்கு மூஞ்சி சுருங்குது. அந்தச் சமயத்துல தி சன் பத்திரிகை அந்தப் பொண்ணு போதை புகைக்கிற வீடியோவ வெளியிட்டுச்சு, எப்ப சாகும்னு தேதி கணிச்சா பரிசுன்னு ஒரு வெப்சைட்டே ஓடுச்சு. அந்தப் போதை நோய் புற்றுநோயா இருந்திருந்தா இதுல ஒண்ணாவது செஞ்சிருப்பாங்களா? இத்தனைக்கும் சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கிற புலிமியா நோயும் பதின்ம வயசுலேர்ந்தே இருந்துருக்கு, வீட்டுல சொல்லியும் அப்படியே போயிடும்னு விட்டுட்டாங்க. ஒல்லியா ஒடிஞ்சு நின்னப்ப அதுவும் ஜோக்தான்.

இதுல ஆம்பளைக்கு ஒரு நியாயம் பொம்பளைக்கு ஒரு நியாயம்ங்கிறது படத்துல நேரடியா வராது, ஆனா எனக்குப் பாக்கப் பாக்க அதுதான் ஓடிட்டு இருந்துச்சு. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு கிதாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் 1977-ல டொராண்டோவுல ஹெராயினோட மாட்டுனாரு, கடைசியில ஜெயில் இல்ல, பார்வையில்லாதவங்களுக்காக ஒரு கச்சேரி பண்ணுய்யான்னு தீர்ப்பு, 1979-ல பண்ணாரு. இன்னைக்கு வரைக்கும் அவர் அடிச்ச கூத்தெல்லாம் தல கெத்துக் கதையாதான் சொல்லிட்டு இருக்காங்க. (நானும் அவர் கிதாருக்கு விசிறிதான், அது வேற விஷயம்.) அவருக்கு நல்லது நடந்ததுல எனக்கு வருத்தமே இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான் நடக்கணும். ஆனா அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவப் பாருங்க. 1947-ல போதை கேஸ்ல ஜெயிலுக்குப் போயி வந்தாங்க, வந்த கையோட 1948 மார்ச்சுல கார்னகி ஹால் நெறஞ்சு வழிஞ்சுது, அதாவது பாட்டு மட்டும் வேணும், ஆனா நியூயார்க் கிளப்புகள்ல பாடுறதுக்கான லைசன்ஸ் திரும்பக் கெடைக்கல. மது விக்கிற எடத்துல பாடக் கூடாதுன்னா ஜாஸ் பாடகி எங்கதான் போயி பாடுறது? 1959-ல ஆஸ்பத்திரியில உயிர் போயிட்டு இருக்கறப்பவே படுக்கையில வெச்சுக் கைது பண்ணி வாசல்ல போலீஸ நிறுத்துனாங்க. ஏமி காலத்துல போலீஸுக்குப் பதிலா கேமரா, அவ்வளவுதான். ஃப்ளாஷ் அடிக்கிற சத்தம் படத்துல மிஷின் கன் கணக்கா காதுல இறங்குது, கண்ணுக்கும் ரொம்ப உறுத்தும், வலிப்பு இருக்கிறவங்க வீட்டுல இருந்தா யோசிச்சுப் போடுங்க.

அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட் வர்ற எடம்தான் எனக்கு மொத்தப் படத்துலயும் உசத்தி. 2011 மார்ச்சுல ஆபி ரோடு ஸ்டுடியோவுல ரெண்டு பேரும் சேர்ந்து பாடுறாங்க. பொண்ணுக்கு உதறல், சரியா வரல சரியா வரலன்னு பாதியிலயே நிறுத்துது, எண்பத்தி நாலு வயசுத் தாத்தா அவசரமே படாம உக்காந்து தைரியம் சொல்லிப் பாடவெக்கிறாரு. அவரே 1979-ல கொக்கெயின்ல சாகப் பொழைக்கக் கெடந்து மீண்டவரு, அதனாலயோ என்னமோ அந்த ஆள் முகத்துல கேலியும் இல்ல பரிதாபமும் இல்ல. கூட வேல செய்யற பாடகியா மட்டும் பாக்குறாரு. அத்தன பேர் சிரிச்ச படத்துல ஒருத்தர் இப்படி. ஜாஸ் பாடகிங்க எலா ஃபிட்ஸ்ஜெரால்ட், பில்லி ஹாலிடே வரிசையில வெச்சு மதிக்க வேண்டிய ஆளுன்னும் சொல்றாரு. அதுக்கு மூணு மாசம் கழிச்சு செர்பியாவுல பெல்கிரேடு கச்சேரி. நிக்கவே முடியாத பொண்ண மேடையில ஏத்திவிட்டுருக்காங்க, பாடல, கூட்டம் கூவுது. டிக்கெட் காசு குடுத்தவனுக்குக் கோவம் வர்றது எனக்கும் புரியுது, நானா இருந்தாலும் கத்தியிருப்பேனோ என்னவோ. ஆனா மேடையில ஏத்துனவங்க யாருன்னு அந்தக் கூட்டத்துல யாரும் கேக்கல.

இப்ப குறை. படம் ரெண்டு ஆம்பளைங்க மேல பழியக் கொஞ்சம் ஈசியா தூக்கிப் போட்டுடுது, ஒண்ணு அப்பா, இன்னொண்ணு புருஷன். அப்பா என்னடான்னா, செயிண்ட் லூசியா தீவுல பொண்ணு ஓய்வுல இருக்கறப்ப டிவி கேமராவோட போயி நிக்கிறாரு, அதப் பாத்தா எரிச்சல் வராத ஆள் இருக்க மாட்டாங்க. ஆனா அவர் பக்கமும் ஒண்ணு இருக்கு, மறுவாழ்வு மையம் அந்த நேரத்துக்குத் தேவையில்லன்னுதான் சொன்னேன், அந்த நேரத்துக்குங்கிறத வெட்டிட்டாங்கன்னு படம் வந்தப்பவே சண்டை போட்டாரு. ரெக்கார்ட் கம்பெனி, டூர் நடத்துனவங்க, இவங்க எல்லாம் படத்துல லேசா தப்பிச்சுடறாங்கன்னு எனக்குத் தோணுது. இன்னொரு நெருடல், பிரபலங்களத் தொரத்திப் படம் எடுக்கிற பாப்பராசி எப்படித் தொரத்துனாங்கன்னு காட்டறதுக்கு பாப்பராசி எடுத்த வீடியோவையேதான் நமக்குப் போட்டுக் காட்டறாங்க. அழுது, காலு தடுமாறி, ரத்தத்தோட தெருவுல நடந்த படங்கள் திரும்ப பெரிய திரையில. வேற வழி இல்லன்னு வாதாடலாம், இருந்தாலும் சில எடத்துல போதும்யா நிறுத்துங்கன்னு இருந்துச்சு. அரை நட்சத்திரம் அதுக்கே போச்சு.

அப்புறம் ஊர்ல இன்னமும் ட்ரக்ஸ் அடிச்சே செத்துச்சுன்னுதான் பேச்சு. விசாரணையில சொன்னது வேற. ஒடம்புல சட்டவிரோத போதை எதுவும் இல்ல, சாராயம்தான், 100 மில்லி ரத்தத்துல 416 மில்லிகிராம், அங்க வண்டி ஓட்டறதுக்கான வரம்பே 80. கொஞ்ச நாள் குடிய நிறுத்தியிருந்துட்டு திரும்ப ஆரம்பிச்சப்ப நடந்தது. நிறுத்தறதும் வழுக்கறதும் திரும்ப நிறுத்தறதும்தான் இந்த நோயோட போக்குன்னு டாக்டருங்க சொல்லுவாங்க, ஜனங்க அத திமிருன்னு எடுத்துப்பாங்க.

செத்ததும் என்ன பண்ணாங்கன்னா, 2006-ல வந்த அந்த பேக் டு பிளாக் ஆல்பத்த விழுந்து விழுந்து வாங்கி, 2011 ஆகஸ்டுல பிரிட்டன்ல இந்த நூற்றாண்டுல அதிகம் வித்த ஆல்பம்ங்கிற எடத்துக்குக் கொஞ்ச நாளைக்குக் கொண்டு போயிட்டாங்க. வீட்டு வாசல்ல பூவோட சேத்து வோட்கா பாட்டிலும் சிகரெட்டும் வெச்சுட்டுப் போனாங்க, அன்புல வெச்சதுதான், ஆனா குடியில போன பொண்ணுக்கு பாட்டில் படையல். தெருப் பேர்ப்பலகையக்கூட ஞாபகார்த்தம்னு கழட்டிட்டுப் போயிட்டாங்க. கேம்டன் மார்க்கெட்ல வெண்கலச் சிலை 2014-ல வந்துச்சு. குடும்பம் ஆரம்பிச்ச ஃபவுண்டேஷன் போதையிலேர்ந்து மீள்ற இளம்பெண்களுக்குத் தங்குற எடம் நடத்துது, அந்த ஒரு விஷயத்துல அப்பா மேல இருந்த கடுப்பு எனக்குக் கொஞ்சம் எறங்குச்சு.

வாடகைக்கு எடுக்கலாம், வாங்க வேண்டாம், ரெண்டாந்தடவ முழுசா பாக்கிற தெம்பு எனக்கு இல்ல, உங்களுக்கும் இருக்காதுன்னு நெனைக்கிறேன். பிரிட்டன்ல 15 வயசுக்கு மேலன்னு சர்டிபிகேட், கெட்ட வார்த்தை தாராளமா வரும், ஊசி புகைன்னு பேச்சும் வரும், சின்னப் பசங்களோட வேண்டாம். டிவி ஸ்பீக்கர்ல பாக்காதீங்க, நல்ல ஹெட்போன் போட்டுக்கோங்க, சின்ன வயசுல வெறும் கிதாரோட பாடுற எடங்கள் அதுல கேட்டாத்தான் தெரியும். அஞ்சுக்கு நாலரை.